நம்ம வயிறும் தோல் ஷாப்பும்

(ஜோலார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வாசல்ல செருப்பக் கழட்டும்போதே ஒரு தம்பி கேட்டார்: "சார், சாதி ஒழிப்பு பத்திப் பேசற எடத்துல வயிறு, குடல், கணையம்னு பாடம் நடத்தப் போறீங்களாமே?" நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் இல்ல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியாரா இருந்தவன். வருஷா வருஷம் கரும்பலகையில இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்னு கலர் சாக்பீஸ்ல படம் போட்டவன். அந்த முப்பது வருஷத்துல ஒரு தப்பு செஞ்சேன். அத முதல்ல சொல்லிட்டுதான் ஆரம்பிக்க முடியும்.

'புரதம் உள்ள உணவுகள்'னு தலைப்புப் போட்டு எழுதுவேன்: பருப்பு, பால், முட்டை, மீன், கோழி, ஆட்டிறைச்சி. மாட்டிறைச்சின்னு எழுத மாட்டேன். புத்தகத்துல இல்ல, அதனால எழுதலன்னு சொல்லிக்கலாம். ஆனா புத்தகத்துல இல்லாத எத்தனையோ விஷயத்த எழுதிப் போட்டிருக்கேனே. என் வகுப்புல உக்காந்திருந்த பிள்ளைங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை என்ன கொதிக்குதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்லயும் அதுதான் கொதிச்சுது. ஒரு நாள், "நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னு கேட்டேன். சாம்பார், ரசம், சாம்பார்னு வரிசையா வந்துது. ஒரு பொண்ணு மட்டும் எழுந்து, "கறி சார்"னு சொல்லிச்சு. பின்னால இருந்து ஒருத்தன், "இன்னா கறி?"ன்னான். வகுப்பே சிரிச்சுது. அந்தப் பொண்ணு என்னயப் பாத்துது. நான், "சரி, அடுத்தது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த வருஷம் முழுக்க அது என் வகுப்புல வாயத் தொறக்கல.

அன்னிக்குப் பேசியிருக்க வேண்டியத இன்னிக்குப் பேசறேன்.

எங்க நைனா வாணியம்பாடியில தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில நின்னவர். உங்க வீடுகள்லயும் குழியிலயோ, டிரம்முலயோ, ஷூ கம்பெனி தையல் மெஷின்லயோ யாராவது இருப்பாங்க. அதனால செரிமானத்த உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குப் புத்தகப் படம் தேவையில்ல. பச்சைத் தோல் தோல் ஷாப்புக்குள்ள போய் என்ன ஆகுதுன்னு நம்ம சனத்துக்கு நல்லாத் தெரியும். சோறு வயித்துக்குள்ள போய் என்ன ஆகுதுங்கறது கிட்டத்தட்ட அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம், அது முடியற எடத்துல இருக்கு. அத அப்புறம் சொல்றேன்.

உப்புப் போட்டு வர்ற தோல முதல்ல தண்ணியில ஊறப் போடுவாங்க. அப்புறம் சுண்ணாம்பு. மயிர் கழலும், தோல் உப்பும். அடியில ஒட்டியிருக்கற சவ்வையும் கொழுப்பையும் வழிச்சு எடுப்பாங்க. அப்புறம் சுண்ணாம்ப வெளிய எடுத்துட்டு ஒரு மருந்து போடுவாங்க. தோல் மிருதுவாயிடும், விரலால அமுக்கினா பதியும். அந்த மருந்து என்னன்னு நினைக்கிறீங்க? பழைய காலத்துல ஐரோப்பாவுல அதுக்கு நாய்ப் பீயும் புறாப் பீயும்தான். ஆமா, வெள்ளைக்காரத் துரைமாரோட மெல்லிசான கையுறையெல்லாம் நாய்ப் பீயில ஊறினதுதான். தோல் வேலை செய்யறவன் கிட்ட நாத்தம் அடிக்குதுன்னு மூக்கப் பொத்தினவன் கையில போட்டிருந்தது அதுதான். அந்தப் பீயில வேலை செய்யறது எதுன்னு தேடிக்கிட்டு இருந்த நேரத்துல, 1907-08 வாக்குல ஜெர்மனியில ஓட்டோ ரோம்னு ஒரு வேதியியல்காரர், மிருகங்களோட கணையத்துல ஊறற நொதிகள வெச்சே அந்த வேலையச் செய்யலாம்னு காட்டினார். அதுக்கப்புறம் நாய்ப் பீ போய் கணைய மருந்து வந்துது.

கணையம் நம்ம வயித்துக்குள்ளயும் இருக்கு. இரைப்பைக்குப் பின்னால, ஒரு சாண் நீளத்துல. டிரம்முல போட்ட மருந்து தோலுல இருக்கற தேவையில்லாத புரதத்த எப்படிக் கரைக்குதோ, அப்படித்தான் நம்ம கணைய நீர் நாம தின்ன பருப்பையும் கறியையும் கரைக்குது. எங்க நைனா ஆயுசுக்கும் கைமேல நடத்தின வேலைக்கு 'செரிமானம்'னு பேருன்னு யாரும் அவருக்குச் சொல்லல. நானும் சொல்லாமலே விட்டுட்டேன்.

இப்ப உடம்புக்கு வருவோம்.

வாயில ஆரம்பிக்குது. வெறும் சோத்த ஒரு வாய் எடுத்து, குழம்பு ஊத்தாம, நல்லா மென்னுக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரத்துல இனிக்கும். எச்சில்ல இருக்கற நொதி மாவுச்சத்த உடைச்சு சர்க்கரையாக்குது. மத்தியானம் அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம், அதுலயே கை கழுவ வரிசையில நிக்கணும்னு ஓடற பொண்ணுங்க மென்னா தின்றாங்க? முழுங்கறாங்க. வாயில நடக்க வேண்டிய வேலை பாக்கி நின்னுடுது.

அடுத்தது இரைப்பை. இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு மனுசனுக்குத் தெரிய வந்த கதை ஒரு தொழிலாளியோட கதை. அதக் கொஞ்சம் விரிவா சொல்றேன், நம்ம அரசியலுக்கும் வேணும்.

1822 ஜூன் மாசம். அமெரிக்காவுல ஹூரான் ஏரியில மெக்கினாக்னு ஒரு தீவு. மிருகத் தோலும் ரோமமும் வாங்கி விக்கற கம்பெனியோட கடை. ஆமா, அங்கயும் தோல் வியாபாரம்தான். அந்த வியாபாரத்துல படகு வலிக்கற கூலி, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்னு பேர், பிரெஞ்சு கனடாக்காரன். கடையில யாரோ வெச்சிருந்த துப்பாக்கி தவறி வெடிச்சு இடது விலாவுக்குக் கீழ சதையும் எலும்பும் பிஞ்சு போச்சு. பட்டாளத்து டாக்டர் வில்லியம் போமாண்ட் வைத்தியம் பாத்தார். ஆள் பொழைச்சுக்கிட்டான். ஆனா ஓட்டை மூடல. இரைப்பைக்கு வெளியிலேருந்தே ஒரு சன்னல் மாதிரி நின்னுடுச்சு. டாக்டர் அந்த சன்னல் வழியா ஆராய்ச்சியில இறங்கினார். பட்டு நூல்ல கறித்துண்டு, ரொட்டி, முட்டைக்கோசு கட்டி உள்ள விடுவார். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் கழிச்சு இழுத்துப் பாப்பார். இரைப்பை நீர எடுத்துக் குப்பியில ஊத்தி, அதுல கறியப் போட்டு, உடம்புக்கு வெளியிலயே கரையுதான்னு பாத்தார். கரைஞ்சுது. செரிமானம் ஏதோ தெய்வச் செயல் இல்ல, அது ஒரு ரசாயன வேலைன்னு அதுல நிரூபணமாச்சு. அந்த நீர்ல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

1833ல அவர் புத்தகம் போட்டார். 200க்கு மேல சோதனை. மருத்துவ உலகம் கொண்டாடுச்சு. செயின்ட் மார்ட்டின் அந்தக் காலமெல்லாம் டாக்டர் வீட்ல விறகு வெட்டற, எடுபிடி வேலை செய்யற ஆள். வருஷத்துக்கு 150 டாலர்னு பத்திரம் எழுதி, வயித்த வாடகைக்கு விட்ட மாதிரி ஒப்பந்தம். ரெண்டு மூணு தடவை ஓடிப் போயிருக்கான். கோபமா இருக்கும்போது அவனுக்குச் செரிமானம் மாறுதுன்னு டாக்டர் குறிச்சு வெச்சிருக்கார். எதுக்குக் கோபம்னு அவ்வளவா எழுதல. 1880ல செயின்ட் மார்ட்டின் செத்தப்ப, டாக்டர்மாருங்க பிணத்தக் கேட்டாங்க, இரைப்பை வேணும்னு. குடும்பத்துல இருந்தவங்க உடம்பு அழுகற வரைக்கும் வீட்டுலயே வெச்சிருந்து, யாரும் தோண்டி எடுக்க முடியாத ஆழத்துல புதைச்சாங்க. பாடப் புத்தகத்துல போமாண்ட் பேர் இருக்கும். மத்தவன் பேர் சில எடத்துல இருக்கும், சில எடத்துல 'ஒரு நோயாளி'ன்னு இருக்கும்.

சரி. இரைப்பை அமிலம் என்ன செய்யுது? கிருமிகளக் கொல்லுது, புரதத்தோட முறுக்க அவுக்குது, பெப்சின்னு ஒரு நொதிய வேலை செய்ய வைக்குது. தோல் ஷாப்புல முதல்ல சுண்ணாம்பு, அப்புறம் ஆசிட். வயித்துல தலைகீழ், முதல்ல ஆசிட், அப்புறம் காரம். இரைப்பையிலருந்து கூழா இறங்கற சாப்பாட்டோட புளிப்ப, சிறுகுடல் வாசல்லயே கணைய நீர் முறிச்சுடும். ஈரல்லருந்து பித்தம் வந்து, எண்ணெய்ப் பிசுக்க சோப்பு பிரிக்கற மாதிரி கொழுப்பப் பிரிச்சு விடும். மாவு சர்க்கரையா, புரதம் அமினோ அமிலமா, கொழுப்பு கொழுப்பமிலமா உடையும். அவ்வளவுதான். இதுல மேல்சாதிக் கணையம், கீழ்சாதிக் கணையம்னு இல்ல. பருப்புலருந்து வந்த அமினோ அமிலத்துக்கும் மாட்டுக்கறியிலருந்து வந்த அமினோ அமிலத்துக்கும் உடம்பு தனித்தனி டம்ளர் வைக்கறதில்ல.

இப்ப முக்கியமான எடம், சிறுகுடல். சுமார் ஆறு மீட்டர் நீளம். உள்பக்கம் வழவழன்னு இருக்காது. டர்க்கி டவல் மாதிரி மேல முழுக்கச் சின்னச் சின்ன விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். குடலுறிஞ்சிகள்னு பாடத்துல சொல்றது இததான். செரிச்ச சாப்பாடு இது வழியாத்தான் ரத்தத்துக்குப் போகணும். இத எல்லாம் விரிச்சுப் போட்டா டென்னிஸ் மைதானம் அளவு வரும்னு பழைய புத்தகங்கள்ல இருக்கும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 2014ல சுவீடன்காரங்க ஒழுங்கா அளந்து பாத்துட்டு, அவ்வளவு இல்லப்பா, சுமார் 30 சதுர மீட்டர்னு சொன்னாங்க. அதாவது 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. பசுமை வீட்டுத் திட்டத்துல நமக்குக் கட்டிக் கொடுத்தாங்களே, 300 சதுர அடி, அந்த வீட்டோட தரை அளவு. சாப்பிடற ஒவ்வொரு கவளமும் அந்தத் தரையில பரவித்தான் உடம்புக்குள்ள போவுது.

அந்த விரல்கள் மழுங்கிப் போனா? சாப்பாடு இருந்தும் உள்ள போகாது. இதுதான் நான் இன்னிக்குச் சொல்ல வந்ததுலயே பெரிய விஷயம். இதுக்கான ஆராய்ச்சி எங்கயோ நடக்கல. நம்ம வேலூர் சி.எம்.சி.யில நடந்தது. 1960கள், 70கள்ல பேக்கர், மத்தன்னு மருத்துவர்கள் 'ஸ்ப்ரூ'ங்கற வயித்துப்போக்கு நோய ஆராய்ஞ்சாங்க. வட ஆற்காட்டு கிராமங்கள்ல அது கொள்ளை நோய் மாதிரி பரவியிருந்த காலம். குழாய் முனையில சின்ன கேப்சூல வெச்சு முழுங்க வெச்சு, குடல்லருந்து துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க. நோயாளிங்க குடல் மட்டும் இல்ல, 'எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்'னு சொன்ன கிராமத்து ஆளுங்க குடல்லயும் அந்த விரல்கள் குட்டையா, இலை மாதிரி தட்டையா இருந்துது. இது நம்ம பிறவியோட வந்த கோளாறா? இல்ல. 1960கள்ல பாகிஸ்தானுக்கு வேலைக்கு வந்த அமெரிக்க இளைஞர்களுக்கும் இதே மாதிரி குடல் கெட்டுப் போனதையும், ஊருக்குத் திரும்பினப்புறம் அது சரியாகறதையும் அந்த நாட்டு மருத்துவர்களே எழுதினாங்க. குடல மழுக்கறது நாம குடிக்கற தண்ணியும் மிதிக்கற மண்ணும்தான்.

மலம் கலந்த தண்ணி, கழிவு கலந்த மண் இதுலருந்து வர்ற கிருமி தினமும் கொஞ்சம் கொஞ்சமா குடலுக்குள்ள போய்க்கிட்டே இருந்தா, பேதி வராமலே குடல் புண்பட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் குழந்தைக்கு எவ்வளவு சத்துமாவு கொடுத்தாலும் பாதி வீண். 'அந்த சனம் எவ்வளவு கொடுத்தாலும் தேறாது'ன்னு ஊர்ல பேசறானே, அவன் சேரிக்குப் போற தண்ணிக் குழாய் எந்தச் சாக்கடைக்குள்ள ஓடுதுன்னு பாத்ததே இல்ல.

2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல என்ன நடந்துது? பிள்ளைங்களுக்கு அடுத்தடுத்து வாந்தி, பேதி, காய்ச்சல். டாக்டர் தண்ணியப் பாருங்கன்னாரு. மேல்நிலைத் தொட்டியில ஏறிப் பாத்தா மலம். நாட்டுக்கே அது செய்தி. ஆனா நான் சொன்ன குடல் கணக்குல பாத்தீங்கன்னா, தொட்டியில யாரும் ஏறாமலே தினமும் கொஞ்சம் மலம் கலந்த தண்ணியக் குடிக்கற சேரிங்க நாடு முழுக்க இருக்கு. அதுக்கு வழக்கும் இல்ல, விசாரணையும் இல்ல.

நம்ம ஜோலார்பேட்டைக்கு இதுல ஒரு தனி வேடிக்கை இருக்கு. 2019 ஜூலை 12ந் தேதி இங்கருந்துதான் சென்னைக்குத் தண்ணி ரயில் கிளம்பிச்சு. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். காவிரித் தண்ணி. மந்திரிங்க வந்து பூ தூவினாங்க. சென்னைக்காரங்களுக்குத் தண்ணி வேணாம்னு நான் சொல்லல; அங்கயும் நம்ம சனம்தான் குடத்தோட நின்னுச்சு. ஆனா அரசாங்கம் நினைச்சா 200 கிலோமீட்டருக்கு மேல தண்ணிய ரயில்ல ஏத்திக் கொண்டுபோக முடியும்னு நம்ம கண்ணாலயே பாத்துட்டோம். ஊர்லருந்து சேரிக்கு அரை கிலோமீட்டர் குழாய் போட முடியலன்னு இனிமே யாராவது சொன்னா நம்பாதீங்க. பாலாறு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் வழக்குல, கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. தோல் ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டுச்சு. நல்ல தீர்ப்புன்னு சட்டக் கல்லூரிகள்ல இன்னிக்கும் பாடம் நடத்தறாங்க. கிணத்துத் தண்ணி இன்னும் கரிக்குது.

இப்ப இரும்புக்கு வர்றேன். பொண்ணுங்க கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15 வயசுலருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குள்ள குழந்தைகள்ல 57. மதிய உணவு, முட்டை, சத்துணவுன்னு நாட்டுக்கே வழி காட்டின மாநிலத்துல இந்தக் கணக்கு. 1920லயே சென்னை மாநகராட்சியில நீதிக்கட்சிக்காரங்க ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டாங்க. 1956ல காமராசர், 1982ல எம்.ஜி.ஆர்., 2022ல காலை உணவு. இதெல்லாம் சாதாரண விஷயம் இல்ல, கேலி பண்ண நான் தயாரில்ல. ஆனா அதே சத்துணவுக் கூடத்துல தலித் பொண்ணு சமைச்சா எங்க பிள்ளை சாப்பிடாதுன்னு 2018ல அவினாசிப் பக்கத்துல பள்ளிக்கூடத்தப் பூட்டப் போனாங்க. சோத்துல சத்து இருக்கான்னு அவங்க கேக்கல, யார் கை பட்டுதுன்னு கேட்டாங்க.

ரத்தத்துல செகப்பு நிறத்துக்குக் காரணம் இரும்பு. அது குறைஞ்சா மூச்சு வாங்கும், தலை சுத்தும், மாடி ஏற முடியாது, மெஷின்ல உக்காந்தா கண்ணு இருட்டும். சாப்பாட்டுல இரும்பு ரெண்டு வகையா வருது. கீரை, பயறு, கேழ்வரகுல இருக்கறது ஒரு வகை. அதுல நூத்துக்கு ரெண்டுலருந்து இருபது வரைக்கும்தான் உடம்பு இழுக்கும். கறி, ஈரல், ரத்தத்துல இருக்கறது இன்னொரு வகை. அதுல பதினஞ்சுலருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் இழுக்கும். மாட்டுக்கறியில 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், ரெண்டு மூணு மில்லி கிராம் இரும்பு, அதோட பி12. இந்த பி12 செடி கொடியில கிடையவே கிடையாது. நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது வேணும். நம்ம ஆயாங்க புள்ள பெத்தவளுக்குச் சுவரொட்டி வாங்கியாந்து சுட்டுக் கொடுப்பாங்க. அது மண்ணீரல், ரத்தம் ஊறிக் கிடக்கற எடம், இரும்பு மண்டிக் கிடக்கும். எந்த டாக்டர் சொல்லி ஆயா அத வாங்கினா?

சரி, இப்ப டீக்கு வர்றேன். தோல் ஷாப்பையும் வயித்தையும் கடைசியில ஒண்ணாக் கட்டப் போறேன்னு முதல்ல சொன்னேன் இல்லியா, அது இதுதான்.

குரோம் வர்றதுக்கு முன்னால தோல எதுல பதம் போட்டாங்க? ஆவாரம்பட்டை, கடுக்காய். அதுல இருக்கற துவர்ப்புச் சத்துக்கு டானின்னு பேர். அது தோலோட புரதத்தப் போய்க் கெட்டியாப் புடிச்சுக்கும். அப்புறம் எந்தக் கிருமியோட நொதியாலயும் அத அறுக்க முடியாது. பச்சைத் தோல் அழுகும், பதம் போட்ட தோல் அழுகாது. பதம் போட்ட தோல்னா செரிக்க முடியாம ஆக்கப்பட்ட தோல். நான் முதல்ல சொன்ன வித்தியாசம் இதுதான். தோல் ஷாப்புல கடைசி வேலை செரிமானத்த நிறுத்தறது. வயித்துல கடைசி வரைக்கும் செரிமானம் நடந்துக்கிட்டே இருக்கணும்.

இதே டானின் டீயில இருக்கு. அது சாப்பாட்டுல இருக்கற இரும்பப் புடிச்சுக் கரையாம பண்ணிடும். ஆவாரம்பட்டைத் தோலுமேல ஈரத்தோட இரும்பாணி பட்டா கறுப்பா கறை விழுமே, பாத்திருக்கீங்களா? கடுக்காயோட அன்னபேதி சேத்து மை காய்ச்சுவாங்களே, அதே கறுப்பு. உங்க குடலுக்குள்ள கீரை இரும்பும் டீயும் சேந்தா அதேதான் நடக்குது. 1975ல தென்னாப்பிரிக்காவுல ஆளுங்கள வெச்சே பாத்தாங்க. ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு வெங்காய சூப்பு, இதோட டீ குடிச்சா இரும்பு உள்ள போறது நல்லாக் குறைஞ்சுது. அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் கண்டாங்க: வேக வெச்ச ரத்தத்துல இருக்கற இரும்ப டீயால தடுக்க முடியல. அதாவது, காலையில வெறும் டீயும் பன்னும், மத்தியானம் சோறும் ரசமும் கையோட இன்னொரு டீயும்னு ஓடற பொண்ணுக்குத்தான் டீ அதிகமாக் கெடுதல் பண்ணுது. டீய விடுங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க, நானும் விடமாட்டேன். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. கீரை, பயறு தின்னா எலுமிச்சம்பழம், நெல்லிக்கா, தக்காளி, கொய்யா ஏதாவது புளிப்பு கூட சேத்துக்குங்க, இரும்பு உள்ள போகும்.

இன்னொரு வழியாவும் ரத்தம் போவுது. கொக்கிப் புழு. மண்ணுலருந்து வெறுங்கால் வழியா தோலத் தொளைச்சு ஏறி, சுத்தி வந்து குடல்ல கடிச்சுக்கிட்டு ரத்தம் உறிஞ்சும். ஐரோப்பாவுக்கு ஷூ தைச்சு அனுப்பற ஆம்பூர்ப் பக்கத்துல, தைக்கறவ வீட்டுப் பிள்ளை வெறுங்காலோட வெளிக்குப் போயிட்டு வருது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துலயும் அங்கன்வாடியிலயும் அல்பெண்டசோல் மாத்திரை தர்றாங்க. வேணாம்னு சொல்லாதீங்க.

மாட்டுக்கறி பத்தி ஒளிக்காம பேசிடலாம். 2022 மே 13லருந்து 15 வரைக்கும் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழான்னு மாவட்ட நிர்வாகம் அறிவிச்சுது. கோழி, ஆடு உண்டு, மாடு கிடையாது. ஆம்பூர்ல! எந்தத் தெருவுல மாட்டு பிரியாணி டேக்சா இல்லன்னு சொல்லுங்க. விடுதலைச் சிறுத்தைகளும் மத்த அமைப்புகளும் கேட்டாங்க, மாடு இல்லன்னா நாங்க இலவசமாப் போடுவோம்னாங்க. மழைன்னு சொல்லி விழாவத் தள்ளி வெச்சாங்க. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இத ஏன் பாகுபாடுன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு கலெக்டரக் கேட்டுச்சு. நான் அந்தச் செய்தியப் படிச்சப்ப, என் கரும்பலகைதான் ஞாபகம் வந்துது. கோழி, ஆட்டிறைச்சின்னு எழுதிட்டு சாக்பீஸ கீழ வெச்சவன் நானும்தானே.

இதுல ஒரு சந்தேகம் வரும். 1927ல மகாத்ல பாபாசாகேப் அம்பேத்கர் நம்ம பெண்கள் கிட்ட செத்த மாட்டுக்கறிய விடுங்கன்னு சொன்னாரே? சொன்னார். அவர் சொன்னது செத்து விழுந்தத, ஊர்க்காரன் இழுத்துப் போடச் சொன்னத, கூலிக்குப் பதிலா தள்ளி விட்டத. அதுல அடிமைத்தனமும் இருந்துது, நோயும் இருந்துது. அடைப்பான்ல செத்த மாட்டத் தின்னா மனுசனும் சாவான், தொட்டாலே புண்ணு வரும். அறுத்துத் தின்ற கறி வேற. 1948ல தீண்டப்படாதார் பத்தி எழுதின புத்தகத்துல அவர் என்ன சொல்றார்? பௌத்தத்தோட போட்டி போட்டு பார்ப்பனர்கள் மாட்டுக்கறிய விட்டாங்க. சிதறுண்ட மக்கள் விடல. அதனாலதான் தீண்டாமை வந்துதுன்னு. வரலாற்றாசிரியர்கள் அத ஏத்துக்கலாம், மறுக்கலாம். நம்ம தட்டுல இருக்கறத வெச்சுத்தான் நம்மளத் தள்ளி வெச்சாங்கன்னு அவர் பாத்தது கண்ணு முன்னாலயே இருக்கு.

அதுக்காக மூணு வேளையும் மாட்டுக்கறி தின்னுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு மையம், பதப்படுத்தின கறியால குடல் புற்றுநோய் வரும்னும், சிவப்புக் கறிய அளவில்லாமத் தின்னாலும் வர வாய்ப்பிருக்குன்னும் சொல்லிடுச்சு. உப்புக்கண்டத்துல இருக்கற உப்பு ரத்தக் கொதிப்புக்காரங்களுக்கு ஆகாது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், கூடக் கீரை, பருப்பு, கேழ்வரகுக் களி. கேழ்வரகுல 100 கிராமுக்கு 340 மில்லி கிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு, எந்த தானியத்துலயும் அவ்வளவு கிடையாது. நம்ம பக்கத்துல களி தின்றவனப் பட்டிக்காட்டான்னாங்க. இப்ப அதையே பாக்கெட் போட்டு டவுன்ல மூணு மடங்கு விலைக்கு விக்கறாங்க.

பேசி முடிச்சப்புறம் ஷூ கம்பெனியில வேலை செய்யற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியையும் சேத்து எழுதச் சொல்லியிருக்காங்க. கம்பெனியில பாத்ரூம் போக டோக்கன், சூப்பர்வைசர் முறைப்பாருன்னு காலையிலருந்து தண்ணியே குடிக்கறதில்ல. மலச்சிக்கல், மூலம், நீர்க்கடுப்பு. இதுக்கு என்ன சாப்பிடறதுன்னு கேட்டுச்சு. பெருங்குடலோட முக்கிய வேலை தண்ணிய உறிஞ்சறது. நீங்க குடிக்கலன்னா அது மலத்துலருந்தே உறிஞ்சிடும், மலம் கல்லாயிடும். வாழைப்பழம், கீரைன்னு நான் ஆயிரம் சொல்லலாம். மொதல்ல வேணும்கறது டோக்கன் இல்லாத பாத்ரூம். அது சங்கம் பேச வேண்டிய விஷயம். அத நீங்க நாலு பேர் சேந்து எழுதிக் கொடுங்க, நான் கூட வர்றேன்னு சொன்னேன்.

இன்னொரு கேள்வி: அரசாங்க ஆஸ்பத்திரியில தர்ற இரும்பு மாத்திரை போட்டா மலம் கறுப்பா போவுது, பயந்து நிறுத்திட்டேன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அந்த மாத்திரை அன்னபேதிதான், அக்கா. உடம்பு எடுத்துக்காத மிச்ச இரும்பு வெளிய போறதுதான் கறுப்பு. நிறுத்தாதீங்க. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. டீயோட மட்டும் போடாதீங்க.